இடுப்பில் சுமப்பது எத்தனை நாள்?

பிள்ளை எப்போது நடக்கும்?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் பெற்றவள் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். கலியாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு அவளும் டாக்டரிடம் அதையே கேட்கிறாள்.

"நடக்கும், பொறுத்திரு" என்று ஒருவர் ஆறுதல் சொல்கிறார். "கடவுள் விட்ட வழி" என்கிறார் இன்னொருவர். தாய் காத்திருக்கிறாள். காத்திருக்கும்போதே குழந்தை வளர்கிறது. மூன்று வயதில் இடுப்பில் எளிதாக உட்கார்ந்த பிள்ளை, பத்து வயதில் 25 கிலோவைத் தொடுகிறது. தூக்குகிறவளுக்கு முதுகு வலி. ஒரு நாள் தூக்க முடியாமல் போகிறது. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றுவிடுகிறது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு.

முக்காலியிலிருந்து பிள்ளை தானாக எழுமா? சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்குமா? இரண்டு படி ஏறுமா?

இவை நடந்தால் போதும், தெருவில் நடக்காத பிள்ளையும் பள்ளிக்குப் போகலாம். பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆயா போதும். நிற்க முடியாத பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எந்தப் பள்ளியில் இரண்டு பேர் இருக்கிறார்கள்? கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். படிப்பு ஏறவில்லை என்று அவர்கள் நின்றுவிடவில்லை.

எழும் வலிமை, நிற்கும் வலிமை, ஏறும் வலிமை ஆகியவை தேகப்பயிற்சியால் வரக்கூடியவை. இந்தக் குழந்தைகளில் பலருக்கும் வரும். உலகத்து டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. யானைக்கவுனியின் மாடிப்படிகளுக்கு இந்தச் செய்தி சரியாக வந்து சேரவில்லை.

மாடியில் பிள்ளை, கீழே நாற்காலி

யானைக்கவுனிக்கு யானை வந்த காலம் மலையேறிவிட்டது. கவுனி என்றால் கோட்டை வாசல். பழைய கறுப்பர் நகரைக் காக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மதிலில் இருந்த வாசல்களில் ஒன்று அது. அந்த மதிலுக்கென்று பேசப்பட்ட வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் சாலைக்கு நிலைத்தது. மதில் போயிற்று, வாசல் போயிற்று, பெயர் நிற்கிறது.

இப்போது அங்கே லாரி புக்கிங் ஆபீசுகள் இருக்கின்றன. பார்சல் மூட்டைகள், மூன்று சக்கர வண்டிகள், இரும்புச் சாமான் கடைகள். அவற்றுக்குப் பின்னே குறுகலான தெருக்களில் பழைய வீடுகள். ஒரு வீட்டில் பல குடித்தனங்கள். தெருவிலிருந்து வாசலுக்கு இரண்டு படி. வாசலிலிருந்து மாடிக்குச் செங்குத்தான படி. குழாய் ஓர் இடத்தில், கழிப்பறை ஓர் இடத்தில்.

அரசு சக்கர நாற்காலியை இலவசமாகத் தருகிறது. நல்ல காரியம். ஆனால் இந்த வீடுகளில் அதை உருட்ட இடம் ஏது? நாற்காலி மாடிப்படியின் கீழே மடங்கி நிற்கிறது. பிள்ளை மாடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பதினைந்து படி.

கொஞ்ச தூரத்தில் சென்ட்ரல் மெட்ரோ நிலையம் 2018-ல் திறக்கப்பட்டது. அங்கே லிப்ட் உண்டு. தடவிப் பார்த்து நடக்கும் தரை உண்டு. எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து லிப்ட் வரைக்கும் போய்ச் சேருவதுதான் பாடு.

இந்தப் பதினைந்து படிகளை யார் மாற்றுவார்கள்? வீட்டுக்காரர் மாற்றமாட்டார். மாநகராட்சியும் மாற்ற முடியாது. பிள்ளையின் காலும் கையும் கொஞ்சம் வலுத்தால், பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கலாம். உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினாலும் இறங்குவதுதான். தாயின் முதுகு அந்த அளவுக்குப் பிழைக்கும்.

இது என்ன நோய்?

ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. முன்வினைப் பயனும் அல்ல. கிரகணத்தன்று வெளியே வந்ததால் வந்ததும் அல்ல.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளையில் ஏற்படுகிற காயம் இது. குறைமாதப் பிரசவம், மிகக் குறைந்த எடை, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. சில குழந்தைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. உலகம் முழுவதும் 1,000 குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இது இருக்கிறது.

இதை முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில். 1861-ல் அவர் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. நெடுங்காலம் இந்த நிலைக்கே 'லிட்டில் நோய்' என்று பெயர் வழங்கியது. அந்த டாக்டரும் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து பாதம் வளைந்து போனவர்தான்.

மூளையில் ஏற்பட்ட காயம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. அது அப்படியே நிற்கிறது. அப்படியானால் பிள்ளையின் நிலைமை ஏன் மோசமாகிறது? ஐந்து வயதில் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை, பதின்மூன்று வயதில் ஏன் உட்கார்ந்துவிடுகிறது?

தசைதான் காரணம்.

எலும்பு வளர்கிறது. எடை கூடுகிறது. தசை அதே வேகத்தில் வளர்வதில்லை. அது மெலிந்தும் குறுகியும் போகிறது. கனத்த உடம்பை மெலிந்த தசை தாங்க வேண்டியிருக்கிறது. முழங்கால் மடங்குகிறது. பிள்ளை குந்தியது போல் நடக்கிறது. அப்படி நடக்க இன்னும் அதிக வலிமை வேண்டும். அது இல்லை. ஆகவே நடையே நின்றுவிடுகிறது.

இறுக்கம் வேறு, வலிமை வேறு

இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கை கால் விறைப்பாக இருக்கும். காலை மடக்கப் போனால் மடங்காது. இதைப் பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "தசை ஏற்கெனவே இறுகி இருக்கிறது. இதற்கு மேல் பயிற்சி கொடுத்தால் இன்னும் இறுகிவிடும்" என்றார்கள். ஆகவே சுமை வைத்துப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று பல பத்தாண்டுகள் பிசியோதெரபி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அந்தத் துறையில் பெரிய பெயர் பெற்றவர்கள்.

அது தவறு.

துருப் பிடித்த கதவு திறக்காது. அதனால் அது பலமான கதவு ஆகிவிடுமா? விறைப்பாக இருக்கும் தசையும் அப்படித்தான். விறைப்புக்கு அடியில் இருப்பது பலவீனம். அமெரிக்காவில் டயேன் டாமியானோ என்ற பெண்மணியும் அவருடன் உழைத்தவர்களும் 1990-களில் இதை அளந்து பார்த்தார்கள். இந்தக் குழந்தைகளின் தொடைத் தசை மற்றக் குழந்தைகளின் தசையைவிட வலிமை குறைந்தது என்று கண்டார்கள். சுமை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலுத்தது. பயந்தபடி விறைப்புக் கூடவில்லை.

கோட்பாட்டை மாற்ற ஒரு தராசும் கொஞ்சம் துணிச்சலும் போதுமாக இருந்தன. அதற்குள் எத்தனை குழந்தைகள் பெரியவர்களாகிவிட்டார்கள்!

புத்தகப் பையே கருவி

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் கேரன் டாட் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2003-ல் வெளியாயிற்று. 8 வயது முதல் 18 வயது வரை உள்ள 21 பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அவரவர் வீட்டில்.

என்ன பயிற்சி? குதிகாலை உயர்த்துவது ஒன்று. முழங்காலைப் பாதி மடக்கி எழுவது இன்னொன்று. படி ஏறுவது மூன்றாவது. எந்திரம் கிடையாது. முதுகில் ஒரு பை. பைக்குள் எடை. பிள்ளைக்கு வலிமை கூடக்கூடப் பையில் எடை கூட்டப்பட்டது. அவ்வளவுதான்.

பயிற்சி பெற்றவர்களின் கால் வலுத்தது.

தைவான் நாட்டிலும் இப்படி ஒரு சோதனை. 2007-ல் முடிவு வெளியாயிற்று. 5 முதல் 12 வயது வரை உள்ள 20 குழந்தைகள். எடை கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுவது ஒன்றே பயிற்சி. அதையும் வீட்டிலேயே செய்தார்கள். ஆறு வாரத்தில், எழுவது நிற்பது போன்ற காரியங்களில் அவர்கள் முன்னேறினார்கள்.

இவை சிறு சோதனைகள். லேசான பாதிப்பு உள்ள குழந்தைகளிடம் செய்யப்பட்டவை. ஆனாலும் இவற்றில் யானைக்கவுனிக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. முக்காலியும் படியும் புத்தகப் பையும் இல்லாத வீடு அங்கே இல்லை. வழி மறிக்கும் படிக்கட்டையே தேகப்பயிற்சிக் கருவி ஆக்கிவிடலாம்.

முழு உண்மை

நல்ல செய்தியை மட்டும் சொல்லிப் பெற்றோரை மயக்கக் கூடாது.

ஹாலந்து நாட்டில் 6 முதல் 13 வயது வரை உள்ள 51 குழந்தைகளைக் கொண்டு 12 வாரம் சோதித்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற குழந்தைகளின் தசை வலுத்தது. ஆனால் அவர்களுடைய நடை மேம்படவில்லை. தசை வலுத்தால் நடை தானாக வந்துவிடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது ஏமாற்றம்.

ஏன் அப்படி? மூளை எதைப் பழகுகிறதோ அதைத்தான் கற்கிறது. மாவாட்டிக் கை வலுத்தவர், அந்த வலிமையைக் கொண்டு மட்டும் நீந்திவிட முடியுமா? தண்ணீரில் இறங்கிப் பழக வேண்டும். அதுபோலப் படி ஏற வேண்டுமானால் படி ஏறியே பழக வேண்டும். குளியலறைக்குப் போக வேண்டுமானால் அந்தக் குளியலறையின் வாசலையே பலமுறை தாண்டிப் பழக வேண்டும். வலிமையும் வேலையும் சேர்ந்தே வளர வேண்டும். சிறப்புப் பயிற்சி அறையில் ஒன்றைச் செய்துவிட்டு வீட்டில் வேறொன்று நடக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

2022-ல் ஆஸ்திரேலிய நிபுணர்கள் முன்னின்று வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் சொல்கிறது. குழந்தையும் குடும்பமும் ஒரு குறிக்கோளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் காரியத்தை முழுமையாக, அது நடக்க வேண்டிய இடத்திலேயே, பலமுறை செய்து பழக வேண்டும்.

இதில் "குழந்தையும்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தாய்க்கு 'நடை' வேண்டும். பிள்ளைக்கோ தம்பியோடு சமமாக உட்கார்ந்து கேரம் ஆட வேண்டும் என்று ஆசை இருக்கலாம். கேரம் ஆட முதுகு நிமிர வேண்டும். ஒரு கையை ஊன்றி மறு கை நீள வேண்டும். அதுவும் வலிமைதான். அந்த ஆசையிலிருந்து தொடங்கினால் பிள்ளை சலிக்காமல் செய்யும்.

எல்லாக் குழந்தையும் ஒன்றல்ல

1997-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுக் குழு இந்தக் குழந்தைகளை ஐந்து நிலைகளாக வகுத்தது. முதல் நிலையில் உள்ள பிள்ளை நடக்கும், ஓடும், கொஞ்சம் தடுமாறும். மூன்றாம் நிலைப் பிள்ளைக்குக் கைத்தடியோ நடைவண்டியோ வேண்டும். ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்தி வைப்பதே பெரும்பாடு. இன்று உலகெங்கும் இந்தக் கணக்கே வழங்குகிறது. தன் பிள்ளை எந்த நிலை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

மேலே சொன்ன பயிற்சி முதல் மூன்று நிலைகளில் உள்ளவர்களுக்கே பெரிதும் பொருந்தும். அதற்காக மற்றக் குழந்தைகளைக் கைவிட வேண்டியதில்லை. அவர்களுக்குக் குறிக்கோள் வேறு. படுத்திருக்கும் பிள்ளை காலை ஊன்றி இடுப்பைச் சற்றே உயர்த்தினால் போதும். துணி மாற்றும் தாய்க்குப் பாதி வேலை மிச்சம். ஒரு பக்கம் தானாகப் புரண்டால் இரவில் தாய் எழுவது குறையும். இவையெல்லாம் எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராத வெற்றிகள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அவற்றின் மதிப்புத் தெரியும்.

மூட்டை தூக்குபவரைக் கேளுங்கள்

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? வால்டாக்ஸ் சாலையில் மூட்டை தூக்கும் தொழிலாளியைக் கேட்டால் போதும். முதல் நாளே அவர் பெரிய மூட்டையைத் தூக்கவில்லை. சிறு பார்சலில் தொடங்கினார். உடம்பு பழகப் பழகக் கனம் கூடிற்று. இதைத்தான் விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள்.

வாரத்தில் இரண்டு முதல் நான்கு நாள். அடுத்தடுத்த நாளில் கூடாது. இடையில் ஒரு நாள் ஓய்வு. தசை வளர்வது அந்த ஓய்வில்தான். ஒரு தடவைக்கு 6 முதல் 15 முறை. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லாமல் ஐம்பது முறை செய்தால் அது பயிற்சி ஆகாது, பொழுதுபோக்கு. எடுத்த எடுப்பில் சுமை வைக்கக் கூடாது. முதல் இரண்டு முதல் நான்கு வாரம், சுமை இல்லாமல் காரியத்தைச் சரியாகச் செய்யப் பழக வேண்டும். பிறகு மூன்று நான்கு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். நிறுத்தினால் வலிமை போய்விடும். பயில்வான் கோதாவை விட்டால் தோள் சரிவதுபோல.

உட்கார்ந்து எழும் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் உயரமான முக்காலி. அதிலிருந்து எழுவது எளிது. பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் படிய வேண்டும். பிள்ளை முன்னே சாய்ந்து எழ வேண்டும். எழுவதைவிட உட்காருவதில் கவனம் வேண்டும். 'தொப்'பென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். அப்போதுதான் தொடைக்கு வேலை. அது கைவந்ததும் முக்காலியின் உயரத்தைக் குறைக்கலாம். அதன் பிறகு பையில் அரைக் கிலோ அரிசி. பிறகு ஒரு கிலோ.

எண்ணுவது யார்? அப்பா எண்ணட்டும். பெரும்பாலான வீடுகளில் ஆஸ்பத்திரி, பயிற்சி, மருந்து எல்லாம் தாயின் தலையில் விழுகின்றன. அப்பா வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. காலையில் வேலைக்குப் போகும் முன் பத்து நிமிடம் அவர் ஒதுக்கினால், வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுகிறது. தொடக்கத்தில் வலி தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். வலிப்பு வருகிற பிள்ளை, அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளை, வலியால் அழுகிற பிள்ளை ஆகியோருக்கு டாக்டர் சொன்னபடியே நடக்க வேண்டும். வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன் என்பது பெரும் பொய்.

நீவுகிறவர் கைதான் வலுக்கிறது

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இந்த நாட்டுப் பழக்கம். பிள்ளைக்கு இதமாக இருக்கும். தாயின் கை பட்ட ஆறுதலும் உண்டு. ஆனால் அதனால் தசை வலுக்காது. பிறர் காலை நீட்டி மடக்கிவிடுவதும் அப்படியே. 2013-ல் அயோனா நோவாக் என்ற ஆஸ்திரேலிய அறிஞரும் அவருடைய குழுவும் இந்தக் குழந்தைகளுக்கான சிகிச்சைகளையெல்லாம் ஆராய்ந்து தரம் பிரித்தார்கள். கையால் நீட்டிவிடுவதை மட்டும் நம்பியிருப்பது பயன் தராது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. பிள்ளை தானே முயல வேண்டும். இல்லாவிட்டால் நீவுகிறவர் கைதான் வலுக்கும்.

நீவுவதற்காவது எண்ணெய்ச் செலவோடு போகும். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக் கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நகையை விற்றும் கடன் வாங்கியும் கொடுக்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2017-ல் வெளியான தேசிய வழிகாட்டி நெறிகளின்படி மூளை முடக்குவாதத்துக்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சை அல்ல. ஆராய்ச்சியாக மட்டுமே அதைச் செய்யலாம். அந்தப் பணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டை எத்தனை ஆண்டுகள் வீட்டுக்கு வரவழைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாம் தெற்கே

இந்தக் குழந்தைகளுக்குப் படிப்பும் பயிற்சியும் தர முடியும் என்று இந்தியாவில் காட்டியவர் மிது ஆலூர். அவருடைய மகள் மாலினிக்கு இந்தப் பாதிப்பு. மகளுக்குப் பொருத்தமான பள்ளி இல்லை. ஆகவே 1972-ல் பம்பாயில் ஸ்பாஸ்டிக் சங்கத்தைத் தொடங்கினார். மாலினி பட்டம் பெற்றார். லண்டனில் மேல்படிப்பும் படித்தார். சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளி, இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற பெயரில் நடக்கிறது. தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக் சங்கம் இருக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

நல்ல இடங்கள். ஆனால் எல்லாம் தெற்கே.

வடசென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி உண்டு. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் எட்டிப் போகிற தூரம்தான். நோயைக் கண்டுபிடிக்கவும் ஆலோசனை பெறவும் இவை போதும். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்காக ஒரு தாய் பிள்ளையைச் சுமந்துகொண்டு பஸ் ஏற முடியுமா? போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. வீட்டு வேலை செய்து பிழைக்கிறவள் அன்றைய கூலியை இழக்கிறாள். இரண்டு மாதம் போவாள். மூன்றாம் மாதம் நின்றுவிடுவாள். "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஒரு நாள் அந்தப் பதினைந்து படிகளை ஏறிப் பார்த்தால் வேறு மாதிரி எழுதுவார்கள்.

சட்டத்தில் குறைவில்லை. 1999-ல் மூளை முடக்குவாதம் முதலான பாதிப்பு உள்ளவர்களுக்காகத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன் கீழ் உள்ள நிராமயா என்ற காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. தெரபிச் செலவும் அதில் அடங்கும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமை ஆக்கியது. அதுவும் வீட்டுக்கு அருகே உள்ள பள்ளியில், அல்லது பிள்ளை விரும்பும் சிறப்புப் பள்ளியில். அடையாள அட்டை எடுக்காததால் இவற்றில் எதையும் பெறாத குடும்பங்கள் பல. முதல் வேலையாக அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும்.

பயிற்சியாளர் வீட்டுக்கு வர முடியுமா? முடியும் என்று தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ம் தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை மட்டும் வீடு தேடி வரவில்லை, பிசியோதெரபியும் வந்தது. பக்கவாதம் வந்த பெரியவர் வீட்டுப் படி ஏறுகிறவர், பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகவும் ஏறலாம். பயிற்சியைச் செய்து காட்ட அவர் நாள்தோறும் வர வேண்டியதில்லை. மாதத்துக்கு இரண்டு முறை வந்து, பிள்ளை சரியாகச் செய்கிறதா என்று பார்த்து, பையில் எடையைக் கூட்டிவிட்டுப் போனால் போதும். மீதியை அந்த வீட்டு முக்காலியும் படியும் பார்த்துக்கொள்ளும்.

பள்ளியிலும் இதைச் செய்யலாம். மற்றப் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சிப் பாடவேளை இருக்கிறது. அந்த நேரத்தில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை வகுப்பில் தனியே உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் காக்கிறது. யாருக்குத் தேகப்பயிற்சி மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைக்கு அது கிடையாது! அதே பாடவேளையில் அந்தப் பிள்ளையும் மைதானத்து ஓரப் படியில் ஏறி இறங்கலாம். தோழன் ஒருவன் எண்ணலாம். அதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். ஆசிரியருக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும்; பயப்பட வேண்டாம் என்று யாராவது சொல்ல வேண்டும்.

கூடவே கழிப்பறைச் சுவரில் ஒரு கம்பி வேண்டும். பிள்ளை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதற்கு. வழுக்காத இரும்புக் குழாய், பிள்ளையின் இடுப்பு உயரத்தில், சுவரோடு உறுதியாகப் பதித்தது. யானைக்கவுனி இரும்புக் கடைகளில் அந்தக் குழாய் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் மாநகராட்சி இதைச் செய்து முடிக்கலாம்.